மினிம் என்றால் ‘மிகச் சிறியது’ என்கிறார்கள், அதற்கு ஏன் இரண்டு பீட்?

1. மாடிவீட்டு கீபோர்டு

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஆறாம் வகுப்பு. கீபோர்டு கற்கிறாள், அடுத்த மாதம் தியரி தேர்வு. கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். இப்போது அவளைவிட எனக்குத்தான் சந்தேகம் அதிகம்.

சுரத்தின் நீளத்தைக் குறிக்கும் பெயர்களில் ஒன்றான மினிம் என்ற சொல்லுக்கு லத்தீனில் ‘மிகச் சிறியது’ என்று பொருளாம். அதற்கு இரண்டு பீட். பிரீவ் என்றால் ‘குட்டையானது’. அதற்கு எட்டு பீட், இவள் புத்தகத்தில் இருப்பதிலேயே அதுதான் நீளம்! டீச்சரிடம் கேட்டேன், “அது அப்படித்தான் சார், பேரை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க” என்றார். நாலு பீட் பாட்டுக்கு ஆரம்பத்தில் ‘சி’ என்று ஓர் எழுத்து போடுகிறார்கள். ‘காமன் டைம்’ என்பதன் முதல் எழுத்து என்று மகள் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். அது சரியா? சுரத்தை அரைச்சுரம் தாழ்த்தும் ஃபிளாட் குறி ஏன் சின்ன ‘பி’ மாதிரி இருக்கிறது?

கச்சேரி கேட்பேன், நாலைந்து ராகம் கண்டுபிடிப்பேன். என் தகுதி அவ்வளவுதான். அதற்கேற்ற மாதிரி சொல்லுங்கள்.

2. கோயர் பேஸ் வரிசை

டீச்சரைக் குறை சொல்லாதீர்கள், தேர்வுக்கு அது போதும். ஆனால் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி.

‘சி’யில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மகள் எழுதிவைத்தது தப்பு. பல புத்தகங்களிலும் அதே தப்பு உண்டு. அது எழுத்தே இல்லை, உடைந்த வட்டம். ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் ஒரு பிரீவை மூன்றாகப் பிரித்தால் ‘முழுமையான’ காலம் என்றும், இரண்டாகப் பிரித்தால் ‘முழுமையில்லாத’ காலம் என்றும் சொன்னார்கள். மூன்று என்றால் திரித்துவம் அல்லவா, எழுதியவர்கள் பெரும்பாலும் பாதிரிமார். முழுமைக்கு முழு வட்டம் போட்டார்கள், குறைக்கு ஒரு பக்கம் திறந்த வட்டம். முழு வட்டம் பிறகு வழக்கொழிந்தது. திறந்த வட்டம் மட்டும் தங்கிவிட்டது, பார்ப்பவர்கள் அதை ‘சி’ என்று படிக்கிறார்கள்.

இனி மினிம். தமிழ் தெரிந்தவருக்கு இதைச் சொல்வது சுலபம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ்காரர்கள் தாளத்தோடு எழுத ஆரம்பித்தபோது அடிப்படையில் இரண்டே அளவு: லாங்கா, பிரெவிஸ். நெடில், குறில். அவ்வளவுதான்! நெடிலையும் குறிலையும் கொண்டு கட்டிய ஆறு வாய்பாடுகளை வைத்துக்கொண்டு பாடினார்கள். நெடில் இரண்டு மாத்திரையாகவும் வரும், இடத்தைப் பொறுத்து மூன்றாகவும் வரும். அங்கேதான் நம் யாப்போடு ஒத்துப்போகாது.

அப்புறம் பாடகர்களுக்கு ஆசை விடுமா? குறிலுக்குள்ளும் பொடிச் சங்கதி போட்டார்கள். அதை எழுத அரைக்குறில் வேண்டும், அதுதான் செமிபிரீவ். 1320ஐ ஒட்டிப் பாரிஸில் ‘புதிய கலை’ என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது, பிலிப் த வித்ரி அதில் முக்கியமானவர். அவர்கள் அதற்கும் கீழே ஒன்று வைத்தார்கள். இதற்கு மேல் பொடியாகாது என்று நம்பி அதற்கு ‘மிகச் சிறியது’ என்று பெயர். அதுதான் உங்கள் மினிம். இப்போது அதற்குக் கீழே குரோச்செட், குவேவர், செமிகுவேவர் என்று வரிசையாக இறங்கி நிற்கின்றன.

கீழே புதுசு புதுசாக வரவர, மேலே இருந்தவற்றை இழுத்து இழுத்துப் பாட வேண்டியதாயிற்று. லாங்கா செத்தே போயிற்று. பிரீவ் எட்டு பீட்டுக்கு நீண்டது, பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. எங்கள் ஊர் வழியாக ஒரு ரயில் போகும், பெயர் எக்ஸ்பிரஸ். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும்.

3. மாடிவீட்டு கீபோர்டு

அண்ணா, குறில் நெடில் என்றதும் பளிச்சென்று புரிந்துவிட்டது. ‘சி’ விஷயத்தை மகளிடம் சொன்னேன். “தேர்வுல எதை எழுதட்டும்?” என்கிறாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சின்ன ‘பி’ பாக்கி. அப்புறம் டோ ரே மி எங்கிருந்து வந்தது?

4. ராகவிரும்பி77

இதில் என்ன சந்தேகம்? நம்முடைய ஸ ரி க ம தான் அரபு வியாபாரிகள் வழியாகப் போய் டோ ரே மி ஆனது. ரி – ரே, ப – ஃபா, பார்த்தாலே தெரிகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையில் திரும்பத் திரும்ப வரும் தாள அமைப்புக்கு ‘தாலேயா’ என்று பெயர். தாளம்! வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

5. சுவடிப்பூச்சி

ராகவிரும்பி சார், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

‘தாலேயா’ முழுக்க லத்தீன் சொல். நடுவதற்காக வெட்டிய துண்டு என்று பொருள். முருங்கையில் போத்து வெட்டி நடுகிறோமே, அந்தப் போத்துதான். மெட்டை ஒரே அளவான துண்டுகளாக வெட்டித் திரும்பத் திரும்ப நடுவதால் அந்தப் பெயர். தாளத்துக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

டோ ரே மி எங்கே பிறந்தது என்பது இசை வரலாற்றில் அபூர்வமாக நன்றாகத் தெரிந்த விஷயம். செய்தவரே எழுதிவைத்திருக்கிறார். பெயர் குய்தோ, ஊர் அரெஸ்ஸோ, இத்தாலி. முதலில் பொம்போசா மடத்தில் துறவி, பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது வேலை. அந்தக் காலத்தில் திருச்சபைப் பாட்டு முழுக்க வாய்ப்பாடம். எழுத்துக்கு மேலே சின்னச் சின்னக் கோடுகளும் கொக்கிகளும் போட்டு வைத்திருப்பார்கள், நியூம் என்று பெயர். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது காட்டும். எவ்வளவு ஏற வேண்டும் என்று காட்டாது. பாட்டை ஏற்கெனவே தெரிந்தவனுக்கு நினைவூட்டும், தெரியாதவனுக்கு உதவாது. ஒரு பையன் தேறிவரப் பத்து வருஷம் ஆனாலும் குறையாகத்தான் தேறுகிறான் என்று குய்தோ புலம்புகிறார்.

அவர் செய்தது இரண்டு காரியம். ஒன்று, கோடுகள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கோடு அல்லது இரண்டு கோட்டுக்கு நடுவிலுள்ள இடம். மேற்கில் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துப் பெயர்; எஃப் கோடு சிவப்பு மை, சி கோடு மஞ்சள் மை. கோடு போடுவது அவருக்கு முன்பே அங்கங்கே இருந்தது, அதை ஒழுங்கான முறையாக்கியவர் இவர். கோட்டின் தலைப்பில் எந்தச் சுரம் என்று ஓர் எழுத்து. அந்த எழுத்துகள் கை மாறி மாறி அலங்காரமாகித்தான் இன்று கோடுகளின் தொடக்கத்தில் போடும் க்ளெஃப் குறிகள் ஆயின. பேஸ் க்ளெஃபின் இரண்டு புள்ளிகளைப் பாருங்கள், ‘எஃப்’ எழுத்தின் இரண்டு குறுக்குக் கோடுகள் தேய்ந்து மிஞ்சியவை அவை. ட்ரெபிள் க்ளெஃப் ஒரு சுருண்ட ‘ஜி’.

இரண்டாவது காரியம்தான் உங்கள் கேள்வி. புனித யோவான் பேரில் ஒரு லத்தீன் துதிப்பாடல். “உன் அதிசயங்களை உன் அடியார்கள் தடையில்லாத குரலில் பாட, எங்கள் உதட்டின் கறையை நீக்கு” என்கிற மாதிரி போகும். பாடகர்கள் தொண்டைக்காக வேண்டிக்கொள்ளும் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன் முதல் ஆறு துண்டுகளும் ஒவ்வொரு சுரம் மேலே மேலே ஏறித் தொடங்கும். துண்டுகளின் முதல் அசைகள்: உத், ரெ, மி, ஃபா, சோல், லா. பாட்டு மனப்பாடமானால் எந்தச் சுரத்தின் உயரமும் கைவசம். புது ஏட்டைப் பிரித்தால் “இது ‘மி’யில் ஆரம்பிக்கிறது, அந்தப் பாட்டின் மூன்றாம் துண்டு மாதிரி” என்று பிடித்துக்கொள்ளலாம். பத்து வருஷ வேலை ஒரே வருஷத்தில், மிஞ்சினால் இரண்டில், முடியும் என்கிறார் தன் நண்பர் மிக்கேலுக்கு எழுதிய கடிதத்தில். ரோமில் போப் 19ஆம் யோவான் இவரை வரவழைத்து, ஏட்டை வாங்கி, அதுவரை கேட்டே இராத ஒரு வரியைத் தானே பார்த்துப் பாடி அசந்துபோனாராம். அதுவும் அதே கடிதத்தில் இருக்கிறது. சொந்த மடத்தில் மட்டும் பொறாமை தாங்காமல் வெளியேற வேண்டியிருந்தது!

இப்போது உங்கள் வாதத்துக்கு வருகிறேன். இவர் ஆறு அசைகளோடு நிறுத்திவிட்டார், ஏழாவது இல்லை. சப்த சுரத்தை இறக்குமதி செய்தவர் நிஷாதத்தை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வருவாரா? அதோடு ‘மி’ விழுவது நம் காந்தாரத்தில், ‘ஃபா’ விழுவது மத்தியமத்தில். உங்கள் ப – ஃபா கணக்கு அங்கேயே உடைகிறது.

6. ராகவிரும்பி77

சரி, நிஷாதக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுரத்தை எழுத்தால் எழுதுவதில் நாம்தான் முந்தி என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா? புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக் கல்வெட்டை நேரில் பார்த்தவன் நான். குகைக்கோயிலை ஒட்டிய பாறை முழுக்கச் சுரம். ஸ, ஸி, ஸு, ஸெ என்று ஒவ்வொரு சுரமும் நான்கு உயிரோடு மாறி மாறி வரும்.

7. சுவடிப்பூச்சி

அதில் மறுப்பே இல்லை. அந்தக் கல்வெட்டைப் பொதுவாக 7ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பார்கள். அதே நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பெயினில் செவில் நகர ஆயர் இசிதோர் என்ன எழுதினார் தெரியுமா? ஒலிகளை மனிதன் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் அவை அழிந்துபோகும், ஏனென்றால் அவற்றை எழுத முடியாது என்று. அவருக்குக் குடுமியான்மலை தெரியாது, குய்தோவுக்கும் தெரியாது. முந்தியது நாம் என்பதும், அவர்கள் நம்மிடம் வாங்கவில்லை என்பதும் ஒன்றுக்கொன்று முரணில்லை சார்.

8. கோயர் பேஸ் வரிசை

சின்ன ‘பி’யை மறந்துவிட்டோம், கேள்வி கேட்டவர் காத்திருக்கிறார்.

குய்தோவின் ஆறு அசை வரிசையில் அரைச்சுர இடைவெளி ஒரே ஓர் இடத்தில்தான்: மி – ஃபா. மற்றதெல்லாம் முழுச்சுரம். இந்த ஆறு படி ஏணியை எந்தச் சுரத்திலிருந்து சாத்தலாம்? சி, ஜி, எஃப் மூன்றிலிருந்தும் சாத்தினார்கள். ஜியிலிருந்து சாத்தினால் மூன்றாம் படி ‘பி’, அது உயர்ந்த பி. எஃபிலிருந்து சாத்தினால் நான்காம் படி ‘பி’, ஆனால் அரைச்சுரம் தாழ்ந்த பி. ஆக ஒரே எழுத்துக்கு இரண்டு குரல். வித்தியாசம் காட்டத் தாழ்ந்ததை உருண்டை வயிற்றோடு எழுதினார்கள், உயர்ந்ததைச் சதுர வயிற்றோடு. உருண்டை பி மென்மையானது, சதுர பி கடினமானது. உருண்டைதான் இன்றைய ஃபிளாட் குறி. சதுரத்திலிருந்து, சுரத்தை இயல்பு நிலைக்குத் திருப்பும் நேச்சுரல் குறி வந்தது, அரைச்சுரம் உயர்த்தும் ஷார்ப் குறியும் அதே குடும்பம்.

ஜெர்மானியர்கள் அந்தச் சதுர ‘பி’யை ‘ஹெச்’ என்றே படித்துவிட்டார்கள்! இன்றும் அவர்களுக்கு ‘பி’ என்றால் பி ஃபிளாட், சாதாரண ‘பி’க்கு ‘ஹெச்’. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் (பி, ஏ, சி, ஹெச்) சுரமாகவே வாசிக்க முடிந்தது அதனால்தான். ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் அமைப்புக்கு ஃபியூக் என்று பெயர், அவர் முடிக்காமல் விட்ட கடைசி ஃபியூகில் அந்த நான்கு சுரமும் வரும்.

இந்த ஏணிகளை ஞாபகம் வைக்கக் கையைத்தான் பயன்படுத்தினார்கள். விரல் கணுக்களில் சுரங்கள். இடது கைக் கட்டைவிரல் நுனியில் தொடங்கி, கட்டைவிரலில் இறங்கி, மற்ற விரல்களின் அடிக்கணு வழியாகப் போய், சுண்டுவிரலில் ஏறி, சுருளாகச் சுற்றி நடுவிரலுக்கு மேலே முடியும். வாத்தியார் கணுவைத் தொட்டுக்காட்டப் பையன்கள் பாடுவார்கள். ‘குய்தோவின் கை’ என்று பெயர், ஆனால் அவருடைய எழுத்தில் அது இல்லை, பின்னால் வந்தவர்கள் அவர் பெயரில் ஏற்றியது. கட்டைவிரல் நுனியில் இருக்கும் மிகத் தாழ்ந்த சுரத்துக்குக் கிரேக்க எழுத்தில் ‘காமா’ என்று குறி, அசை ‘உத்’. காமா-உத். ஆங்கிலத்தில் முழு வீச்சு என்ற பொருளில் ‘காமட்’ என்று ஒரு சொல் உண்டே, அதன் பிறப்பு இங்கேதான்.

‘உத்’ பாட வாய் அடைக்கிறது என்று 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் ‘டோ’ ஆக்கினார்கள். ஏழாவது அசை ‘சி’ (சி என்ற சுர எழுத்து வேறு), அதே துதிப்பாடலின் கடைசி வரியிலுள்ள ‘புனித யோவான்’ என்பதன் லத்தீன் முதலெழுத்துகள். அதை ‘டி’ ஆக்கியவர் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, 19ஆம் நூற்றாண்டு. ‘சோல்’, ‘சி’ இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றனவே, முதலெழுத்தை மட்டும் வைத்துப் பாட்டு எழுதினால் குழப்பம் வரும் அல்லவா. ஜான் கர்வன் அதை எடுத்துப் பரப்பினார், மிஷனரிகள் உலகமெல்லாம் கொண்டுபோனார்கள். எங்கள் வீட்டில் இந்த எழுத்து முறையில், அதாவது சால்ஃபாவில், அச்சான தாத்தாவின் புத்தகம் ஒன்று இருக்கிறது. கோடே கிடையாது, எழுத்துகளும் முக்காற்புள்ளிகளும்தான். தாத்தாவுக்கு ஸ்டாஃப், அதாவது கோடு போட்ட முறை, வாசிக்கத் தெரியாது, ஆனால் நான்கு குரல் பாட்டை அதைப் பார்த்தபடியே பாடுவார்.

9. நவரோஜு மாமி

நல்ல இழை. பேத்தியின் புத்தகத்தில் ‘டோரியன் மோட்’ (மோட் என்றால் பழைய சர்ச் பாட்டின் சுர அமைப்பு) என்று இருந்தது, வெள்ளைக் கட்டைகளை டியிலிருந்து டி வரை வாசித்துப் பார்த்தேன். அட, கரகரப்பிரியா! ஈயிலிருந்து தோடி, எஃபிலிருந்து கல்யாணி, ஜியிலிருந்து ஹரிகாம்போதி, ஏயிலிருந்து நடபைரவி. ஆதார சுரத்தை மாற்றினால் வேறு ராகம் வருகிற கிரக பேதம்தானே இது?

பியிலிருந்து மட்டும் பஞ்சமம் கிடைக்காது, தாய் ராகங்களின் பட்டியலான மேளகர்த்தாவில் சேராது. அங்கே அதை என்ன செய்தார்கள்?

10. சுவடிப்பூச்சி

மாமி, அங்கேயும் ஒதுக்கித்தான் வைத்தார்கள். இடைக்காலத்தில் முடிவுச் சுரமாக டி, ஈ, எஃப், ஜி நான்கை மட்டும் ஏற்றார்கள். 1547இல் சுவிட்சர்லாந்துக்காரர் கிளாரியன் ஏயையும் சியையும் சேர்த்து மோட் கணக்கைப் பன்னிரண்டாக்கினார். பியை அவரும் சேர்க்கவில்லை. காரணம் நீங்கள் சொன்னதுதான், மேலே சுத்தமான ஐந்தாம் சுரம் கிடையாது. இன்று நாம் மேஜர் என்று சொல்லும் சங்கராபரணத்துக்கு 16ஆம் நூற்றாண்டில்தான் பட்டியலில் இடம் கிடைத்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

உங்கள் பெயரைப் பார்த்ததும் இன்னொன்று. ஒவ்வொரு முடிவுச் சுரத்துக்கும் இரண்டு மோட் உண்டு. ஒன்று, முடிவுச் சுரத்திலிருந்து மேலே எட்டுச் சுரம் போகும். மற்றது ‘ஹைப்போ’ என்ற முன்னொட்டோடு வரும். அதே முடிவுச் சுரம்தான், ஆனால் சஞ்சாரம் நான்கு சுரம் கீழே தொடங்கி ஐந்து சுரம் மேலே வரை. அதாவது மந்திர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை. நவரோஜு! வகுப்பில் ‘ஹைப்போடோரியன்’ புரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்ட எனக்கு, பஞ்சமத்தோடு நின்றுவிடும் பஞ்சமாந்திய ராகம் ஞாபகம் வந்த அன்றுதான் விளங்கியது.

ஒரே ஓர் எச்சரிக்கை. மோட் என்பது வெறும் ஏணி இல்லை, ராகமும் இல்லை. எந்தச் சுரத்தில் நின்று பைபிளின் சங்கீதப் பாடல்களை ஓதுகிறார்கள், எதில் வந்து முடிக்கிறார்கள் என்பதில்தான் அதன் உயிர். டோரியன் போன்ற பெயர்களையும் நம்ப வேண்டாம். 9, 10ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் கிரேக்கப் பெயர்களை எடுத்துத் தப்பான மோட்களுக்குச் சூட்டிவிட்டார்கள். கிரேக்கரின் டோரியன் வேறு.

11. நள்ளிரவு கிடார்

அந்த பி – எஃப் இடைவெளியைத்தான் ‘இசையின் சாத்தான்’ என்று சர்ச் தடை செய்ததாமே? வாசித்தால் தண்டனை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

12. சுவடிப்பூச்சி

வீடியோவோடு விட்டுவிடுங்கள். அப்படி ஒரு தடை ஆணை இடைக்காலத்தில் எங்கும் கிடைக்கவில்லை. பாடக் கடினம், காதுக்கு உறுத்தல், அதனால் தவிர்க்கச் சொன்னார்கள், தவிர்க்கத்தான் பி ஃபிளாட்டே. ‘சாத்தான்’ என்ற பேச்சு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நூல்களில்தான் தலைகாட்டுகிறது.

13. மாடிவீட்டு கீபோர்டு

கடைசியாக ஒன்று. குரல் வகைகள் பாடத்தில் ‘ஆல்டோ’ என்றால் இத்தாலிய மொழியில் ‘உயரம்’ என்று போட்டிருக்கிறது. பெண்களில் தாழ்ந்த குரல் எப்படி உயரம் ஆகும்? இதுவும் எக்ஸ்பிரஸ் ரயில் கதையா?

14. கோயர் பேஸ் வரிசை

அதே ரயில்தான், ஆனால் புறப்படும் இடம் டெனர்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு குரல், எல்லாரும் ஒரே மெட்டு. 9ஆம் நூற்றாண்டுக் கையேடு ஒன்றில் அதே மெட்டை நான்கு அல்லது ஐந்து சுரம் தள்ளி இன்னொரு குரல் நிழல்போலக் கூடவே பாடும் முறை வருகிறது, ஆர்கானும் என்று பெயர். மூன்று நூற்றாண்டு கழித்துப் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் லெயோனின், அவருக்குப் பின் பெரோத்தின். இவர்கள் காலத்தில் பழைய மெட்டைக் கீழ்க்குரல் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுரத்தையும் நீட்டிப் பிடித்துக்கொள்ளும், மேல்குரல்கள் அதன்மேல் ஓடும். பிடித்துக்கொள்பவன்தான் டெனர், லத்தீனில் ‘பிடி’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். பெரோத்தினின் நான்கு குரல் ‘விதெருந்த் ஓம்னெஸ்’ கேட்டுப் பாருங்கள். முதல் அசை ‘வி’யை டெனர் பிடித்தபடியே நிற்பார், மேலே மூன்று பேர் குதித்து விளையாடுவார்கள். நாயனத்துக்கு ஒத்து ஊதுகிறவர் ஞாபகம் வரும். ஆனால் ஒத்து மாறாது, டெனர் மாறும், மெதுவாக, அடுத்த அசைக்கு. அந்த மாற்றம் வரும் நொடியில் எனக்கு இன்றும் புல்லரிக்கும்.

பிறகு டெனருக்கு எதிராக இன்னொரு குரல் சேர்ந்தது, கான்ட்ராடெனர். 15ஆம் நூற்றாண்டில் அது இரண்டாகப் பிரிந்தது: டெனருக்கு மேலே போவது ‘உயர்ந்த’ கான்ட்ராடெனர், கீழே போவது ‘தாழ்ந்த’ கான்ட்ராடெனர். சுருக்கி ஆல்டோ, பேஸ். பாடியது எல்லாம் ஆண்களும் பையன்களும். டெனர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆல்டோ உயரம்தானே? பின்னாளில் பெண்கள் அந்த வரிசைக்கு வந்தபோது பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

15. மாடிவீட்டு கீபோர்டு

தாமதத்துக்கு மன்னிக்கவும், தேர்வு முடிந்துவிட்டது. ‘சி’ கேள்வி வரவில்லை, பிழைத்தேன். ஃபிளாட், நேச்சுரல் கேள்வி வந்ததாம், உருண்டை வயிறு, சதுர வயிறு என்று நினைத்துக்கொண்டே எழுதினேன் என்றாள்.

இடையில் ஒரு கூத்து. அண்ணன் சொன்ன அந்தக் ‘கை’யைக் கேட்டதிலிருந்து அவளுக்கு அதே விளையாட்டு. இடது கை முழுக்க நீலப் பேனாவால் கணுக்கணுவாகச் சுரம் எழுதிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அன்று கணக்குப் பரீட்சை. மிஸ் கையைப் பிடித்து, “என்ன ஃபார்முலா இது?” என்று கேட்க, இவள் கட்டைவிரலில் தொடங்கிப் பாடிக் காட்டியிருக்கிறாள். நல்லவேளை, மிஸ் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

தியரி தேர்வன்று காலை நானே சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் கூட்டிப்போனேன். ஆட்டோவில் பார்த்தால் கட்டைவிரல் நுனியில் மட்டும் நீலம் போகவில்லை. “காமா உத் அப்பா, அது இருக்கட்டும்” என்றாள்.